முப்பத்திரண்டு அங்குல மேடை

கும்பகோணத்தில் சட்டநாதன் என்ற கட்டடப் பொறியாளர் இருந்தார். முந்நூறு வீடுகளுக்கு மேல் கட்டியவர். வயது அறுபத்து மூன்று.

அரசலாற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவர் மரகதவல்லி என்ற துறவி. சட்டநாதனைவிடப் பதினேழு வயது இளையவர். சட்டநாதன் அவரைக் குருவாக ஏற்று ஆறு வருடங்களாக வியாழன்தோறும் மடத்துக்குப் போய்வந்தார். எல்லோரையும் போல அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரை ‘ஐயா’ என்பார்.

ஒரு வியாழக்கிழமை மற்றவர்கள் எழுந்து போன பிறகும் சட்டநாதன் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஐயா?”

“வீட்ல லோகநாயகி சரியா சாப்பிட மாட்டேங்கிறா அம்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். உடம்புல ஒண்ணும் இல்லைங்கிறார். ஆனா ரெண்டு மாசத்துல நாலு கிலோ இறங்கிட்டா. ஒரு தோசை வெச்சா, போதும், பசி இல்லைங்கிறா.”

“யார் சமையல்?”

“நான்தான்.”

“சுமாரா இருக்குமோ?”

“இல்லம்மா. சம்பந்தி வீட்டுக்காரங்களே நல்லா இருக்குன்னாங்க.”

“எப்போலேர்ந்து நீங்க சமைக்கிறீங்க?”

சட்டநாதன் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

சொந்த வீட்டை அவர் கட்டி இருபத்து நான்கு வருடங்கள் ஆகின்றன. சமையலறைக்கென்று ஒரு கறுப்பு கிரானைட் கல்லை அவரே போய்த் தேர்ந்தெடுத்து வந்தார். பன்னிரண்டு அடி நீளம், நடுவில் ஒட்டே இல்லாத ஒற்றைக் கல். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

“மேடை எவ்வளவு உயரம் வெச்சீங்க?” என்று கேட்டார் மரகதவல்லி.

“முப்பத்தெட்டு அங்குலம்.”

“அவங்க உயரம்?”

“நாலடி பத்து.”

“அதுக்குக் கணக்கு ஏதாவது உண்டா?”

“உண்டும்மா. சமைக்கிறவங்களை நிக்க வெச்சு முழங்கையை மடக்கச் சொல்லணும். அதுக்கு நாலஞ்சு அங்குலம் கீழே கல்லு வரணும். எத்தனையோ வீட்ல அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு அளந்திருக்கேன்.”

“உங்க வீட்ல?”

“ஜன்னலோட அடிமட்டம் முப்பத்தெட்டுல இருந்துது. கல்லு அதே மட்டத்துல ஓடினா அழகா இருக்கும்னு பட்டுது. நானே நின்னு பார்த்தேன். எனக்குச் சரியா இருந்துது.”

“அந்த மேடையில நீங்க எத்தனை நாள் சமைச்சீங்க?”

“ஒரு நாள்கூட இல்ல.”

பால் காய்ச்சிய அன்று லோகநாயகி, “கொஞ்சம் உசரமா இருக்குங்க” என்றாராம். “பழகிடும்” என்றாராம் இவர். அதற்குப் பிறகு லோகநாயகி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சமைத்தார். பாத்திரம் தேய்க்கும் தொட்டியும் உயரம்தான். கையைத் தூக்கித் தேய்க்கும்போது தண்ணீர் முழங்கை வரை வழிந்து ரவிக்கையின் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

“பதவிசா தேய்க்கத் தெரியாதான்னு கேட்டிருக்கேன் அம்மா. விருந்தாளிங்க முன்னாடியே கேட்டிருக்கேன்.”



இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், சோற்றுப் பானையை இறக்கும்போது பலகை வழுக்கியது. லோகநாயகியின் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து திருச்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் சட்டநாதன் பழைய மேடையை இடித்தார். வேலையாட்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே சம்மட்டி எடுத்து இடித்தார். மகளுக்கு போன் செய்து, “அம்மாவை நிக்க வெச்சு முழங்கை உயரம் பார்த்துச் சொல்லு” என்றார். முப்பத்தாறரை என்றாள் மகள். புதிய மேடையை முப்பத்திரண்டில் வைத்தார். கல்லின் முனையை மழுக்கினார். நெருங்கி நிற்கும்போது கால் விரல் நுழைவதற்கு அடியில் நாலு அங்குலம் விட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்று தொட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார்.

“வந்து பார்த்தாங்களா?”

“பார்த்தா. ரெண்டு கையையும் கல்லுமேல வெச்சுக்கிட்டு நின்னா. சரியா இருக்குங்கன்னா. அஞ்சு நிமிஷம் நின்னிருப்பா. கால் நடுங்கிடுச்சு. நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அதுக்கப்புறம் அங்க அவ நிக்கவே இல்ல. இனிமே நிக்கவும் முடியாதாம்.”

மடத்துக் கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

“உங்களுக்கு அந்த மேடை தாழ்வா இருக்காதா?” என்றார் மரகதவல்லி.

“தாழ்வுதான். ஒரு வேளை சமைச்சு முடிச்சா முதுகு நிமிர மாட்டேங்குது. உசத்திக்கங்கன்னு அவ மூணு தடவை சொல்லிட்டா. நான் மாட்டேன்னுட்டேன்.”

“ஏன்?”

“அவ இருபத்திரண்டு வருஷம் பட்டா அம்மா. நானும் படறேன்.”

மரகதவல்லி எழுந்துகொண்டார்.

“வீட்ல தோசை மாவு இருக்கா?”

“இருக்கும்மா.”

“நாளைக்குக் காலையில வர்றேன்.”

மறுநாள் எட்டு மணிக்கு வந்தார். மரகதவல்லி நல்ல உயரம், ஏறக்குறைய சட்டநாதன் அளவுக்கு. சமையலறை வாசலுக்கு எதிரே நாற்காலியில் லோகநாயகி உட்கார்ந்திருந்தார். குருவைப் பார்த்ததும் நாற்காலிக் கையைப் பிடித்து எழ முயன்றார்.

“எழுந்திருக்க வேண்டாம் அக்கா,” என்று மரகதவல்லி அவர் தோளைத் தொட்டார். பிறகு சட்டநாதனைப் பார்த்து, “இன்னிக்கு நான் சுடறேன். நீங்க ஒரு நாற்காலி எடுத்து வந்து அக்கா பக்கத்துல உட்காருங்க,” என்றார்.

“அம்மா, நீங்க போய்...”

“உட்காருங்க ஐயா.”

அவர் உட்கார்ந்தார். அந்த இடத்திலிருந்து சமையலறை முழுவதும் தெரிந்தது. இந்த இரண்டு வருடங்களில் ஒருமுறைகூட அவர் அங்கே உட்கார்ந்ததில்லை.

மரகதவல்லி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். மாவை எடுக்கக் குனிந்தார். தோசை வார்க்க இன்னும் கொஞ்சம் குனிந்தார். திருப்பும்போது இடக்கை தானாகவே இடுப்புக்குப் போயிற்று. கழுத்து முன்னால் தொங்கியது. காவிப் புடவைக்குள் முதுகு வில் மாதிரி வளைந்து தெரிந்தது. நிமிர்ந்தபோது ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

சட்டநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லோகநாயகி பார்க்கவில்லை. மடியில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு தோசை சட்னியோடு வந்தது. சட்டநாதனுக்கு நல்ல பசி. முதல் நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலே வாயில் தோசை தீர்ந்தது. மரகதவல்லி அடுத்ததற்கு மாவெடுக்கக் குனிந்தார்.

“எனக்குப் போதும்மா,” என்றார் சட்டநாதன்.

“ஒண்ணுதானே சாப்பிட்டீங்க?”

“போதும்.”

“பசி இல்லையா?”

சட்டநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். லோகநாயகி இப்போது தட்டிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இதைத் தினம் மூணு வேளை பார்க்கறேங்க,” என்றார், கோபமில்லாமல்.

மரகதவல்லி அடுப்பை அணைத்தார். கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனார்.

சட்டநாதனின் தட்டில் சட்னி காய்ந்தது.

“மேடையை உசத்திடறேன்,” என்றார் கடைசியில். “உனக்கு எப்படி வேணும்னு சொல்லு.”

“நான் எங்க நின்னு சமைக்கப்போறேன்? உங்க உசரத்துக்கு வெச்சுக்கங்க.” லோகநாயகி கொஞ்சம் தயங்கினார். “ஓரமா ஒரு ரெண்டடி மட்டும் தாழ்த்தி வெக்கச் சொல்றீங்களா? அடியில அலமாரி வேண்டாம். நாற்காலியை உள்ள தள்ளிக்கிட்டு உட்கார்ந்து காய் நறுக்குவேன். கையை மடியில வெச்சுக்கிட்டே இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்குங்க.”

சட்டநாதன் மனைவியின் கைகளைப் பார்த்தார். இந்தக் கைகள் இரண்டு வருடங்களாக மடியிலேயே கிடந்தது அவருக்குத் தெரியும். அதை ஓய்வு என்று நினைத்திருந்தார்.

எழுந்து போய் அளவு நாடாவை எடுத்து வந்தார். லோகநாயகி நாற்காலியில் இருந்தபடியே முழங்கையை மடக்கிக் காட்டினார். சட்டநாதன் தரையில் ஒரு காலை மடித்து மண்டியிட்டு, நாடாவைத் தரையில் ஊன்றி அளந்தார். எண் கண்ணில் நிற்கவில்லை. இரண்டாவது முறை அளந்தார்.

“எவ்வளவுங்க?”

“இரு. இன்னொரு தடவை பார்க்கறேன்.”

மரகதவல்லி புறப்பட்டபோது வெயில் ஏறியிருந்தது. சட்டநாதன் வாசல் கேட் வரை கூடவே வந்தார்.

“மேஸ்திரியை இன்னிக்கே வரச் சொல்லிட்டேன் அம்மா.”

“நல்லது.”

சட்டநாதன் கேட்டைத் திறக்காமல் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார்.

“கல்லை உசத்தலாம், தாழ்த்தலாம். அவ அத்தனை வருஷம் பலகை மேல நின்னதை நான் என்ன பண்றது? ஒத்தை வார்த்தையில பழகிடும்னு சொன்னேனே அம்மா. அது எங்க போகும்?”

“எங்கயும் போகாது ஐயா.”

“அப்போ அதை நான் எங்க வெக்கிறது?”

மரகதவல்லி செருப்பை மாட்டிக்கொண்டார். கேட்டைத் தானே திறந்தார்.

“உங்ககிட்டயே வெச்சுக்கங்க. அக்கா கண்ணு முன்னால மட்டும் வெக்காதீங்க.”