மிளகு முந்திரித் தட்டு

கொடைக்கானலில் திரவியம் முதலாளியின் ஓட்டலுக்கு ஒயின் விற்க வந்தார் ஞானதுரை. கோட்டும் மிடுக்கும் பலமாக இருந்தன. ஆனால் அந்த வருஷம் காட்டுத்தீ. அவருடைய திராட்சைத் தோட்டம் நாள்கணக்கில் புகைக்குள் கிடந்தது ஊருக்கே தெரியும்.

"என் ஒயினில் புகையா? குடித்துப் பாருங்கள்!" என்று ஊற்றினார். முதலாளி ஒவ்வொரு மிடறு குடித்ததும், ஞானதுரை தான் கொண்டுவந்த மிளகு முந்திரித் தட்டை நீட்டினார்.

"பிரமாதம்! மொத்தத்தையும் இறக்குங்க" என்றார் முதலாளி.

மேசை துடைத்துக்கொண்டிருந்த ராக்கு, "அவசரப்படாதீங்க மொதலாளி" என்றாள்.

ஞானதுரை சீறினார். "ஒயினை மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய், நீ பேசுகிறாயா? ஒரு சொட்டும் குடிக்காமல் இதில் புகை இருப்பதைக் காட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறேன்!"

"சரிங்கய்யா. நான் குடிக்கல, நீங்களே குடிங்க." கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, முந்திரித் தட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தார். "எங்கே புகை?"

"கொஞ்சம் பொறுங்கய்யா."

சிரிப்பு மெல்ல இறங்கியது. நாக்கு அண்ணத்தைத் துழாவியது. அடுப்புச் சாம்பலை நக்கியவர் போல முகம் சுருங்க, அவர் கை தானாகவே மேசைமேல் தட்டைத் தேடியது.

ராக்கு தட்டைக் கொடுக்கவில்லை. முதலாளியிடம் திரும்பினாள்.

"வாங்குறதுன்னா இந்த முந்திரிய வாங்குங்க மொதலாளி. ஒரு காடே எரிஞ்ச புகைய இத்தன நேரம் அமுக்கி வச்சிருந்துச்சே!"