நாய் உருவிய கதிர்

செடிகொடிகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எதற்கும் பேர் கிடையாது. ஒருநாள் பனைமரம் எல்லாவற்றையும் கூப்பிட்டு, யாருக்கு யார் உறவு என்று கேட்டு, கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பேர் வைத்தது. கதிர் விடும் கூட்டத்துக்கு வயல். அதன் தலைவிக்கு நெல் என்று பேர். கீரைக் கூட்டத்துக்குக் கொல்லை. அதில் மூத்தவளுக்குத் தண்டுக்கீரை என்று பேர்.

தண்டுக்கீரை எட்டிப் பார்த்து, "வாடி தங்கச்சி, இப்படி வந்து நில்லு" என்றாள்.

தங்கச்சி நீளமாக ஒரு கதிர் விட்டிருந்தாள். யாரோ கிள்ளிக் கடைந்து தின்னவா பிறந்தோம் என்று அவளுக்குக் கொதிப்பு. "யாரைப் பார்த்துத் தங்கச்சிங்கிற? உன்னை நான் பார்த்ததுகூடக் கிடையாது" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

"அண்ணாச்சி, என் கதிரைப் பாருங்க" என்று பனையிடம் பேரம் தொடங்கினாள் தங்கச்சி. "'கதிரி'ன்னு பேர் வைங்க. வயல் நடுவுல இடம் கொடுங்க. இல்லேன்னா வரப்போரம். அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்."

நெல் சிரித்தாள். "எங்க கதிரை உருவினா மணி உதிரும். உன்னோடதையும் உருவிப் பாத்துடலாமா?"

"தாராளமா!"

பசியோடு படுத்திருந்த நாய் எழுந்து வந்தது. "நான் உருவுறேன். உதிர்றது எனக்கு."

அடியில் கவ்வி ஒரே இழுப்பு. தானியமா வந்தது? உதடு, நாக்கு, காது எங்கும் முள்தான் ஒட்டியது. நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

"நாயுருவி! நாயுருவி!" என்று கூட்டமே கூவிச் சிரித்தது. அதுவே பேராக நின்றுவிட்டது.

பனை கேட்டது: "இவளை எதிலே சேர்க்க? சொந்தம்னு யாராவது இருக்கீங்களா?"

நாயுருவி தலையைக் கவிழ்த்தாள். எந்த வாயால் சொந்தம் கேட்பாள்?

"என் தங்கச்சிதான், அண்ணாச்சி" என்றாள் தண்டுக்கீரை. "எங்களோட சேர்த்துடுங்க. வாடி, வீட்டுக்குப் போவோம்."

அக்காள் திட்டியிருந்தால் நாயுருவி திருப்பித் திட்டியிருப்பாள். தங்கச்சி என்றல்லவா கூப்பிட்டாள்! அக்காளின் பின்னாலேயே கொல்லை வேலிவரை போனாள். உள்ளே நுழையக் கூசியது. அங்கேயே நின்றுவிட்டாள்.

அன்று தொடங்கியதுதான். கீரை இனமாக இருந்தும் நாயுருவி பாத்திக்குள் வராமல் வேலியோரம் நிற்கிறது. கதிர் எவ்வளவு நீண்டாலும் அதன் முள்விதைகள் முகத்தைக் கவிழ்த்துத் தரையையே பார்க்கின்றன.