ஆறாம் நாள் ஈரம்

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்த மலையடிவார ஆசிரமத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருவுக்கு நாற்பத்தாறு வயது. எல்லோருக்கும் அவர் அம்மா. அறுபத்தொரு வயதுத் தணிகாசலத்துக்கும் அம்மாதான்.

தணிகாசலம் கல்லூரி விடுதி ஒன்றில் முப்பது வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் துறந்து ஆசிரமத்துக்கு வந்தபோது ஒரு பெரிய பூட்டையும் கோடு போட்ட நோட்டுகள் நாலைந்தையும் மட்டும் துறக்காமல் கொண்டுவந்துவிட்டார். வந்த நாளிலிருந்து வாசல் கேட்டை இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுவது அவர் வேலையாயிற்று. யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மாவின் அறை வாசலில் ஒரு பழைய ஜமுக்காளம் விரித்திருக்கும். அது ஒருவர் படுக்கும் இடம். ராத்திரியில் அம்மா கூப்பிட்டால் எழுந்து என்ன என்று கேட்பவர் அங்கே படுப்பார். நெடுங்காலம் படுத்த பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மகள் வந்து அழைத்துப் போனாள். அடுத்து அந்த இடம் தணிகாசலத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எல்லோருக்கும் முன்பே நினைத்துவிட்டார்.

"அம்மா, வாசல்ல இனிமே நான் படுத்துக்கட்டுமா?"

"பார்க்கலாம், ஐயா."

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"பார்க்கலாம், ஐயா."

நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தணிகாசலத்துக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஆறு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு மழை நாளில் அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பினார். முந்தானைக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது. நிறம் காய்ந்த இஞ்சி மாதிரி. அதனால் சுக்கு என்று பெயராயிற்று. முதல் ராத்திரியே சுக்கு இரண்டு செருப்புகளைக் கடித்துக் குதறியது, மூன்றாவதை நனைத்தது. மூன்றில் இரண்டு தணிகாசலத்துடையவை.

அம்மாவைப் பார்க்க வரும் கால்நடை மருத்துவர் ஒரு கம்பிக் கூண்டு கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

"ராத்திரி இதுக்குள்ள தூங்கட்டும்மா. தொடர்ந்து ஏழு ராத்திரி சாக்கு நனையாம இருந்தா வெளியே விட்டுடலாம். நடுவுல ஒரு நாள் நனைச்சாலும் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

அம்மா தணிகாசலத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க பார்த்துக்குங்க. எப்ப விடலாம்னு நீங்க சொல்ற அன்னிக்கு விடுவோம்."

தணிகாசலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா அடுத்த வாக்கியத்தையும் சொன்னார்.

"வெளியே வந்ததும் என் வாசல்ல படுத்துக்கட்டும். அந்த இடம் சும்மாத்தானே கிடக்கு."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. மூச்சுதான் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் குட்டியைத் தவிர வேறு எதுவும் படவில்லை. அம்மா சுக்குவின் கண்ணோரத்துப் பீளையைத் தன் சேலை நுனியால் துடைத்தார். தணிகாசலம் நாலு மாசமாக முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டிருந்தார், எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதில்லை. ஒரு நாள் தணிகாசலம் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு பாட்டுக்குப் புது விளக்கம் கண்டுபிடித்து, காலையில் சபையில் சொன்னார். முக்கியமான இடத்தில் சுக்கு கொட்டாவி விட்டது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். விளக்கம் அத்தோடு போயிற்று.

வயிறு எரிந்தது. நாய்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? புதுநோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தேதி, சாக்கின் நிலை, வார்டன் கையெழுத்து.

தினமும் விடியும்போது கூண்டைத் திறந்து குட்டியை வெளியே விடுவார். சாக்கில் கை வைத்துப் பார்ப்பார். நனைந்திருந்தால் துவைத்துக் காயப்போடுவார். பிறகு அம்மாவிடம் போய் நிற்பார்.

"ஈரமா, ஐயா?"

"ஈரம், அம்மா."

இருபது நாள் அதே கேள்வி, அதே பதில். இருபது நாளும் தணிகாசலம் சந்தோஷமாகச் சாக்கு துவைத்தார்.

இருபத்தோராம் நாள் சாக்கு காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்தார், புறங்கையை வைத்தார். எப்படி வைத்தாலும் காய்ந்தேதான் இருந்தது.

"ஈரமா, ஐயா?"

"இல்லேம்மா."

நேர்மையான மனிதர்தான். ஐந்து நாள் அப்படியே சொன்னார். ஐந்தாம் நாள் சாயங்காலம் அம்மா சமையல்காரர் சடையப்பனிடம் பேசுவது காதில் விழுந்தது.

"நாளைக்கு ஜமுக்காளத்தை உதறி வெயில்ல போடுங்க சடையப்பா. இன்னும் ரெண்டு நாள்ல சுக்கு வந்துரும்."

ஆறாம் நாள் விடிந்ததும் தணிகாசலம் கூண்டைத் திறந்தார். சாக்கு காய்ந்திருந்தது. சுக்கு அவர் கையை நக்கியது. அவர் குடிப்பதற்கு வைத்திருந்த சொம்பை எடுத்து, சாக்கின் நடுவில் கால் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்.

சுக்கு ஒரு காலைத் தூக்கியது, பிறகு இன்னொரு காலைத் தூக்கியது. ஈரமில்லாத மூலைக்குப் போய் நின்றுகொண்டு அவரைப் பார்த்தது. குரைக்கவில்லை. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஈரமா, ஐயா?"

"ஈரம், அம்மா."

"ச்சே, பாவம். இன்னும் அடக்கத் தெரியலை போல. பரவாயில்லை, ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க."

அடுத்த ஐந்து நாளும் காய்ந்திருந்தது. ஆறாம் நாள் மறுபடியும் நனைந்தது.

சாக்கைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தபோது சடையப்பன் குடத்தோடு வந்தார். சம்பளத்துக்கு வந்தவர், ஞானத்துக்கு வந்தவர் அல்ல. அதனால் எதையும் யோசிக்காமல் பேசுவார்.

"என்னங்க வார்டன் சார், வாடையே வரலையே?"

"உனக்கு மூக்கு அடைச்சிருக்கும்."

"குட்டிக்கு வயிறுகூட நனையலை. நான் இப்பத்தான் தூக்கினேன்."

"நீ குழம்பைப் பாரு, அடி பிடிக்குது."

குழம்பு இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை. சடையப்பன் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் சுற்று வந்தது. ஐந்து நாள் காய்ந்திருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், அம்மா கூண்டுப் பக்கம் வந்தார். சுக்கு கதவு திறந்திருந்த கூண்டுக்குள் தானாகவே போய்ச் சுருண்டு கிடந்தது.

"ஐயா, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

தணிகாசலம் பணிவோடு கொடுத்தார். நோட்டு சுத்தமாக இருக்கும், அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அம்மா பக்கங்களைப் புரட்டினார். கடைசி வரிக்கு வந்து நின்றார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாலும்மா."

"பதினஞ்சாம் தேதிக்கு ஈரம்னு எழுதியிருக்கே. கையெழுத்தும் போட்டிருக்கு."

தணிகாசலம் எட்டிப் பார்த்தார், தன் கையெழுத்தேதான். விடுதியில் இருந்த முப்பது வருஷமும் ராத்திரி வருகைப் பதிவை அவர் மத்தியானம் டீ குடித்த கையோடு எழுதி முடித்துவிடுவார். ராத்திரி எழுந்து அறை அறையாகப் போய் யார் பார்ப்பது? கை அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டது.

"குட்டிக்கு ஜோசியமும் பார்க்கிறீங்களா, ஐயா?"

அம்மா சிரிக்காமல்தான் கேட்டார். தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா தண்ணி ஊத்தினேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு. மூணாவது நாளைக்கு."

"ஏன்?"

"அது உங்க வாசல்ல படுக்கிறதை என்னால பார்க்க முடியாதும்மா. ஆறு வருஷமா கூடத்து மூலைல படுத்திருக்கேன். பார்க்கலாம், பார்க்கலாம்னு சொன்னீங்க. நேத்து வந்த குட்டியைப் பார்த்ததும் இடம் சும்மாத்தானே கிடக்குன்னு சொல்லிட்டீங்க. எனக்கு வயித்தெரிச்சல். நாய்மேல வயித்தெரிச்சல். ராத்திரி அது உள்ளே மூச்சு விடற சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வருது. ஊத்தின அன்னிக்கு அது ஈரத்துல நிக்க முடியாம காலை மாத்தி மாத்தி வெச்சுது. அப்படியே என்னைப் பார்த்துது. அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

மீசையில் கண்ணீர் இறங்கியது. துண்டால் துடைத்தார், மறுபடியும் இறங்கியது. முப்பது வருஷம் பையன்களை அழவைத்த மனிதர் ஒரு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். சுக்கு எழுந்து வந்து அவர் முழங்காலை மோந்து பார்த்தது.

அம்மா நோட்டை அவர் மடியில் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"பதினஞ்சை அடிச்சிடுங்க. பதினாலுல எழுதுங்க."

"பதினாலு காய்ஞ்சுதாம்மா இருந்துது."

"அது காலைல. இப்ப எழுதுங்க."

"என்னன்னு?"

"ஈரம்னு."

தணிகாசலம் பதினைந்தாம் தேதி வரியை அடித்தார். பிறகு பதினாலுக்கு நேரே எழுதினார். அந்த நோட்டில் அடித்தலும் திருத்தலும் உள்ள பக்கம் அது ஒன்றுதான்.

"இப்பச் சொல்லுங்க," என்றார் அம்மா. "சுக்கு எப்ப வெளியே தூங்கலாம்?"

"அது எப்பவோ தயாரும்மா."

"நாள் கேட்டேன்."

"இன்னிக்கே."

அன்று ராத்திரி கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. தணிகாசலம் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் நகச் சத்தம் போகிறது என்று கேட்கக்கூடாது என்று துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

விடிந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அம்மாவின் வாசலுக்குப் போனார். ஜமுக்காளம் விரித்தது விரித்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால். குட்டி இல்லை.

பதறிப்போய்த் தேடினார். கூண்டில் இல்லை. தோட்டத்தில் இல்லை. கேட் பூட்டித்தான் இருந்தது. கடைசியில் சமையற்கட்டில் எட்டிப் பார்த்தார்.

சடையப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவில் சுக்கு மல்லாந்து கிடந்தது. சாம்பலில் புரண்டிருக்க வேண்டும், பாதி உடம்பு வெள்ளையாக இருந்தது.

தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் உயிர் வந்தது. அதன் பின்னாலேயே பழைய எரிச்சலும் வந்தது. முப்பத்தேழு நாள் விடியற்காலையில் எழுந்தவர் யார்? சாக்கு துவைத்தவர் யார்? இந்த ஆள் குட்டியை ஏய், போ என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சுக்கு இங்கே வரவே இல்லை."

"ஆமா."

"சடையப்பன் கால்ல படுத்துக் கெடக்கு."

"தெரியும். போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"நீங்க மழைல தூக்கிட்டு வந்த குட்டி. ஜமுக்காளம் போட்டீங்க, பால் வெச்சீங்க. அது அங்கே போய்க் கெடக்குது. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது."

"என்னம்மா தோணுது?"

"உங்களுக்குத் தோணினதுதான்."

தணிகாசலம் அவர் முகத்தைப் பார்த்தார். அம்மா விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அவரும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறார்.

"உங்களுக்குமா?"

"ம். நல்லாவே தோணுது."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அம்மா பால் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை அடுப்படியில வெச்சிட்டு வாங்க. எழுந்ததும் பசிக்கும் அதுக்கு. அந்த ஜமுக்காளத்தையும் எடுத்துட்டுப் போங்க. அடுப்பு ஆறிட்டா தரை சில்லுன்னு ஆயிடும்."

தணிகாசலம் குனிந்து ஜமுக்காளத்தைச் சுருட்டினார். இத்தனை நாளில் அதை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அக்குளில் இடுக்கிக்கொண்டார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஆனாலும் கால் நகரவில்லை. ஜமுக்காளம் கிடந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை தெரிந்தது.

"அப்ப இந்த இடம், அம்மா?"

"தரைதானே, ஐயா. யார் வேணும்னாலும் படுக்கலாம். குட்டி எழுந்துரும், போங்க."