கொட்டகையில் கேட்ட கேள்விகள்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்து நான்கு.

சீடர் பேராசிரியர் தில்லைநாயகி. பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவர். குரு சந்தனமாரி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களின் சங்கத்துக்குச் செயலாளர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

பெண் தொழிலாளர் நலக் குழு அந்த வருடம் உப்பளத்துக்கு ஒரே ஒரு வசதி செய்து தருவதாகச் சொல்லியிருந்தது. எது வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமும் சங்கமும் சேர்ந்து ஆராய்ந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சங்கத்தின் கையெழுத்து சந்தனமாரியுடையது. அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு நாள் எங்ககிட்டப் பயிற்சி எடுங்க டீச்சர். பொறவு கையெழுத்து."

தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். ஆனாலும் கையெழுத்து வேண்டுமே. நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்கட்டோடு வந்து இறங்கினார்.

சங்கக் கட்டடத்தின் வாசலில் பதினான்கு ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய்ச் செடி.

"அழகா இருக்கே! இது என்னது?"

"உங்க ஆராய்ச்சி" என்றார் சந்தனமாரி.

தில்லைநாயகியின் முகம் சிவந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு உப்பளப் பெண்களின் பாதப்புண்ணைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு நல்ல பெயர். அதைப் படித்துத்தான் லாரி நிறைய பூட்ஸ் வந்தது.

"ஏன் போட்டுக்கலை?"

"போட்டுக்கிட்டு பாத்தியில எறங்கினோம். உப்புத்தண்ணி உள்ள புகுந்துட்டு. ஒரு காலைத் தூக்க ரெண்டு ஆளு வேண்டியதாப் போச்சு. மிளகா நல்லாக் காய்க்கு, குறை சொல்ல முடியாது."

முதல் நாள் தில்லைநாயகி உப்பளத்துக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். அந்த வெட்டவெளியில் நிழல் என்று சொல்ல அது ஒன்றுதான். அங்கே மூன்று பெண்கள் இருந்தார்கள். மூவரிடமும் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும் கேட்டார். மூவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள்.

சாயங்காலம் சந்தனமாரியிடம் உற்சாகமாகச் சொன்னார்.

"மூணு பேருக்குமே பாதப்புண். அன்னைக்கு நான் எழுதினது தப்பில்ல பாருங்க. இந்தத் தடவை நல்ல பூட்ஸா கேட்டு வாங்கிடலாம்."

சந்தனமாரி மிளகாய்ச் செடிகளைப் பார்த்தார். இடம் போதுமா என்று கணக்குப் போடுகிற பார்வை அது.

"தண்ணி குடிச்சியளா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"இனிமேதான். தங்கியிருக்கிற இடத்துக்குப் போய்க் குடிக்கணும்."

மறுநாள் விடிவதற்குள் சந்தனமாரி வந்து நின்றார்.

"இன்னைக்குத் தாளு வேண்டாம். கேள்வியும் கேக்கப்படாது. கடைசிப் பாத்திக்குப் போறோம். எங்ககூட நில்லுங்க, அது போதும்."

"நின்னுக்கிட்டு என்ன செய்யறது?"

"இந்தாங்க." ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

கடைசிப் பாத்தி கொட்டகையிலிருந்து நாற்பது நிமிட நடை. தில்லைநாயகி அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. இருபது பெண்கள் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் மேலேயிருந்தும் அடித்தது, உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடித்தது. பெண்கள் பேச்சும் கேலியுமாக வேலை செய்தார்கள். பேச்சித்தாய் என்ற பெண் தன் மாமியாரைப் போல நடந்து காட்டியபோது பேராசிரியருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. சந்தனமாரி பேராசிரியரின் கையைப் பார்த்தார். பாட்டில் கொடுத்தபடியே நிறைந்திருந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"தண்ணி குடிச்சியளா டீச்சர்?"

"இல்ல."

"தாகமில்லையோ?"

"நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு."

"பொறவு ஏன் குடிக்கல?"

தில்லைநாயகி நான்கு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாக, வெள்ளையாக உப்பு. ஒதுங்க ஒரு புதர் இல்லை. ஒரு சுவர் இல்லை. பக்கத்துப் பாத்தியில் ஆண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"குடிச்சா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பேச்சித்தாய் கூடையைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார்.

"டீச்சரும் நம்ம கட்சிதான்! காலையில வீட்டுல ஒரு மடக்கு, திரும்பிப் போய்த்தான் மறு மடக்கு. நாங்கல்லாம் ஒட்டகத்துக்குச் சொந்தக்காரியவ."

"உடம்புக்கு ஒண்ணும் செய்யலையா?"

"செய்யாம? நீர்க்கடுப்பு வராதவ இங்கன யாரு? இந்த வருசம் மட்டும் ஆறு பேருக்குக் கல்லு."

திரும்பும் வழியில் தில்லைநாயகி சந்தனமாரியின் பக்கத்தில் வந்து கேட்டார். குரலில் அழுகை இருந்தது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஏன் இதை யாருமே சொல்லலை? என்கிட்டப் பொய்யா சொன்னாங்க?"

"பொய் இல்ல டீச்சர். நீங்க எங்கன உக்காந்து கேட்டிய?"

"கொட்டகையில."

"வேலை நேரத்துல கொட்டகையில யாரு உக்காந்திருப்பா?"

பேராசிரியர் யோசித்தார். நடை நின்றது.

"கால்ல புண்ணு வந்து, பாத்தியில எறங்க முடியாதவங்க."

"அவிய கால்புண்ணைச் சொல்லாம வேற எதைச் சொல்லுவாவ?"

பேராசிரியர் அங்கேயே நின்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அவர் அச்சடித்த தாள்களைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தோடு சங்கக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன கேட்க வேண்டும், யாரிடம், எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். நடுவில் இரண்டு இடத்தில் அவர் சொன்னதைப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஓர் இடத்தில் சண்டையும் நடந்தது. பேராசிரியர் தோற்றார்.

கடைசியில், கழிப்பறைதான் வேண்டும் என்று எழுதிய தாளில் சந்தனமாரி கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும்.

தில்லைநாயகிக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் ஒரு கவலை மிச்சமிருந்தது.

"நலக் குழுவுல அஞ்சு பேர். அஞ்சு பேருமே பெண்கள்தான். ஆனா ஏசி அறையிலதான் கூடுவாங்க. கழிப்பறைன்னதும், இதுக்கு ஒரு ஆராய்ச்சியான்னு அறிக்கையை ஓரமா வச்சுட்டா என்ன செய்யறது? அவங்களுக்குப் புரியற மாதிரி எப்படி எழுதட்டும்?"

"நீங்க எப்பவும்போல எழுதுங்க டீச்சர். ஆனா படிச்சுக் காட்டறதைக் கடைசிப் பாத்தியில வச்சுக்கிடுவோம். வெயிலுக்கு ஒரு பந்தல் போட்டுருவோம்."

"வருவாங்களா?"

"மரியாதையாக் கூப்பிட்டா ஏன் வரமாட்டாவ? வந்ததும் ஆளுக்கு ரெண்டு சொம்பு மோர் குடுப்போம்."

"அப்புறம்?"

"பொறவு நீங்க அறிக்கையைப் படிங்க. அவசரமே படாதிய. மெதுவாப் படிங்க."