பதினொரு பேர் திரும்பாத ஆட்டம்

ரொம்ப காலத்துக்கு முன்னால், செம்பாற்றங்கரையில் நீலாவூர் என்றொரு பட்டணம். அதை ஆண்ட ராஜா குலவர்த்தனன் கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் நடத்திப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. அந்த நாட்டு ஜனங்களுக்குக் காற்பந்து என்றால் பைத்தியம். ஊருக்கு வெளியே பொட்டலில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்துக்கு, இருபதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பட்டணத்தின் நடுவிலேயே பெரிய களம் கட்டிவிட்டான் ராஜா.

களம் எழும்பியாயிற்று. அத்தனை பேர் வருவதும் போவதும் எப்படி? அந்தப் பொறுப்பு மந்திரி கூத்தபிரானிடம் வந்தது. அவர் மூன்று வாரம் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். வண்டிகள் ஏரிக்கரையோடு நிற்க வேண்டும், ஆற்றின் அக்கரைக்காரர்கள் ஓடத்தில் வந்து தெற்கு வாசலில் நுழைய வேண்டும், நான்கு வாசலும் திறந்திருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தாரையாகத்தான் எழுப்பி அனுப்ப வேண்டும் என்று ஓலையில் எழுதி, படமும் வரைந்து ராஜாவிடம் எடுத்துப்போனார்.

அந்த மந்திரி பதவிமேல் வல்லபராயர் என்ற பிரபுவுக்கு நெடுநாளாகக் கண். அவர் ராஜாவின் காதில் வேறொன்றைப் போட்டார். எல்லோரும் அரண்மனைக்கு எதிரே உள்ள கிழக்கு வாசல் வழியாகவே வந்து போனால், உப்பரிகையில் நின்றபடியே ராஜா மொத்தக் கூட்டத்தின் கும்பிடையும் வாங்கிக்கொள்ளலாமே என்றார். ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. மந்திரிக்கு ஓடக்காரன் உத்தியோகம்தான் பொருத்தம் என்று கேலி செய்து சிரித்தான். சபையும் சிரித்தது. கூத்தபிரான் வாய் திறக்காமல் ஓலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் ஆட்டம் முடிந்ததும் இருபதாயிரம் பேரும் ஒன்றாக எழுந்தார்கள். கிழக்கு வாசலுக்கு வெளியே வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. முன்னால் போனவர்களால் நகர முடியவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நெரிசலில் பதினொரு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதில் ஒருவர் இளவழுதி, மந்திரியின் தங்கை பவளக்கொடியின் கணவர். அவருக்கு முன்வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்ததே கூத்தபிரான்தான்.

பவளக்கொடி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அண்ணன் எத்தனை தடவை வந்து தட்டியும் திறக்கவில்லை.

சபையில் வல்லபராயர் எழுந்தார். "நல்ல குடியில் பிறந்தவர்கள் முண்டியடிப்பதில்லை, மகாராஜா. பண்பில்லாத கூட்டம். தானாகத் தேடிக்கொண்டது" என்றார். அப்படி நம்புவது ராஜாவுக்கும் ஆறுதலாக இருந்தது. அடுத்த ஆட்டமும் அதே வாசலில்தான் என்று உத்தரவு போட்டான். களத்தைப் பற்றியோ செத்தவர்களைப் பற்றியோ சபையில் எவனாவது பேசினால் நாடு கடத்தல் என்றும் சொல்லிவிட்டான்.

கூத்தபிரான் தலையாட்டினார். ராஜாவின் பிறந்தநாள் விருந்தை நடத்தும் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

விருந்தன்று மண்டபத்தில் அறுபது பிரபுக்கள். பக்கத்துக் கூடத்தில் பரிசுகள் இருப்பதாக மந்திரி அறிவித்தார். முதலில் போகிறவருக்கு முத்துமாலை, அடுத்து வருபவர்களுக்குப் பட்டு, கடைசி ஆளுக்கு வெற்றிலை பாக்கு. கூடத்துக்கு ஐந்து கதவு. நான்கைப் பூட்டி, சின்னதாக ஒன்றை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

மணி அடித்ததுதான் தாமதம், அறுபது பேரும் அந்தக் கதவில் போய் விழுந்தார்கள். தலைப்பாகைகள் உருண்டன. நடுவில் சிக்கிக்கொண்ட வல்லபராயர் மூச்சு விட முடியாமல், "ஐயோ, விடுங்கள், செத்துப்போவேன்" என்று அலறினார். கூத்தபிரான் உடனே கையைத் தட்டினார். காத்திருந்த காவலர்கள் நான்கு கதவுகளையும் திறந்தார்கள். பத்து எண்ணுவதற்குள் நெரிசல் கலைந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை.

ராஜா எழுந்து நின்றான். "நான்கு கதவை ஏன் பூட்டி வைத்தீர்?"

"அதைச் சொல்லக்கூடாது என்று தங்கள் உத்தரவு, மகாராஜா."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா கீழே கிடந்த தலைப்பாகைகளைப் பார்த்தான், பிறகு வல்லபராயரைப் பார்த்தான். "இவர்களும் நல்ல குடிதானே, ராயரே?" என்று கேட்டான். இனி ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் கடைசி ஆள் வெளியேறும்வரை வாசலில் நின்று, வருகிற போகிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று அவருக்குத் தண்டனை விதித்தான். தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இந்த வித்தையை முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே ஏன் காட்டவில்லை, கூத்தபிரானே?"

"தாங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது, மகாராஜா. அவ்வளவுதான்."

ராஜா ஆரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு செத்தவர்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்தே போய் மன்னிப்புக் கேட்டான். பவளக்கொடி அவனுக்கும் கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் ஆட்டத்தன்று வண்டிகள் ஏரிக்கரையோடு நின்றன. ஓடங்கள் வரிசையாக வந்தன. ஆட்டம் முடிந்ததும் பறை ஒரு தடவை அடித்தால் தெற்குப் பக்கத்தார், இரண்டு தடவை அடித்தால் மேற்குப் பக்கத்தார் என்று எழுந்து போனார்கள். காத்திருந்தவர்களுக்கு நீர்மோரும் கூத்தும். பொழுது சாய்வதற்குள் களம் காலியாகிவிட்டது. கடைசியாகத் தடியூன்றி வந்த கிழவரை வல்லபராயரே கைபிடித்து ஓடத்தில் ஏற்றிவிட்டார்.

கூத்தபிரான் நேரே தங்கை வீட்டுக்கு நடந்தார். அன்று கதவு திறந்திருந்தது. பவளக்கொடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர், ஆட்டத்தைப் பற்றி யாரிடமோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே படியேறிப் போனார்.

"இவ்வளவு சுலபமா அண்ணா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கூத்தபிரான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.