பள்ளியறைக் கதவுக்கு வந்த ஆணை

முன்னொரு காலத்திலே, கோட்டை வாசல் திறந்தால்தான் ஊருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு என்றிருந்த ஒரு நாட்டில், மானபூபதி என்று ஓர் அரசன் இருந்தான். வீரன், நியாயஸ்தன். ஆனால் அரசி பூங்கோதை காலமானதிலிருந்து, சாத்தியிருக்கும் கதவைக் கண்டாலே அவனுக்கு ஆகாமல் போயிற்று. மடைப்பள்ளியானாலும் குதிரை லாயமானாலும் திறந்தே கிடக்க வேண்டும்.

அந்தத் தை மாதம் மகன் பூவேந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் செங்கமலம் மலைநாட்டுப் பெண், நல்ல சிரிப்புக்காரி. சாப்பாடு முடிந்ததும் இருவரும் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அரசன் காதில் அந்தச் சிரிப்பு வந்து விழும்.

முதலில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கதவைத் தட்டாமலே தள்ளுவான். "பூவேந்தா, என் வெற்றிலைச் செல்லம் இங்கே இருக்கிறதா பார்." பிறகு சாக்கும் இல்லாமலே போனான். காலையில் மருமகளைப் பிடித்துக்கொள்வான். "நேற்று எதற்கம்மா அப்படிச் சிரித்தீர்கள்?"

"ஒன்றுமில்லை மாமா."

அந்த ஒன்றுமில்லை அவனைப் போட்டு அரித்தது. பிரதானி திருமேனியார் பக்கத்திலிருந்து விசிறிவிட்டார். "ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் தாழ் எதற்கு மகாராஜா? தங்களைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்னவோ."

மறுநாள் சபையில் அரசன் ஆணையிட்டான்: இளவரசன் அறைக் கதவைக் கழற்றி எடுக்க வேண்டும். பூவேந்தன் எழுந்து நின்றான். அவன் அதிகம் பேசாதவன். "கதவு போனால் நாங்களும் போகிறோம் அப்பா. மலைநாட்டில் ஒரு குடிசை கிடைக்காமலா போகும்" என்றான். அரசனுக்கு நெஞ்சு திக்கென்றது. பயந்த மனிதனுக்குக் கோபம்தானே முதலில் வரும்? "போனால் போ!" என்று கத்திவிட்டான்.

இந்தச் சமயம் பார்த்துப் பிரதானி குனிந்து வணங்கினார். "இந்தக் காரியத்தை விகடகவி சாத்தப்பனிடம் ஒப்படைக்கலாம் மகாராஜா. இளவரசருக்கு வேண்டியவர் அல்லவா?" செய்தால் இளவரசன் முகத்தில் விழிக்க முடியாது, மறுத்தால் தலை தப்பாது என்பது அவர் போட்ட கணக்கு. சாத்தப்பனுக்கு அரசன் காட்டும் சலுகை அவர் கண்ணில் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "ஒரே ஒரு சந்தேகம், பிரபு. இது தகப்பனார் சொல்லா, அரசர் ஆணையா? தகப்பனார் சொல் என்றால் வீட்டோடு போயிற்று. ஆணை என்றால் ஊருக்கெல்லாம் பொது ஆயிற்றே?"

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என் நாட்டில் மகனுக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டம் கிடையாது. இந்தக் கோட்டை மதிலுக்குள் புருஷனும் மனைவியும் துயிலும் எந்த அறைக்கும் கதவு கூடாது."

"விலக்குக் கேட்பவன் தலை போகும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார் பிரதானி.

"சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றான் அரசன்.

"அப்படியானால் நாளைக் காலை, மூத்த தம்பதியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதானே மரியாதை?" என்று சொல்லிவிட்டுச் சாத்தப்பன் போய்விட்டான். சபையே திரும்பி, அங்கே எல்லாருக்கும் வயதில் மூத்த பிரதானியைப் பார்த்தது. அவர் சால்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்துக்கொண்டார்.

மறுநாள் கருக்கலில் காவலன் ஓடிவந்தான். "மகாராஜா! விகடகவி தச்சனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்! பள்ளியறை வாசலில் நிற்கிறார்!"

அரசன் தலைப்பாகைகூடக் கட்டாமல் ஓடினான்.

கோட்டைக்குள்ளேயே இருந்தது அந்தச் சிவன் கோயில். ஒவ்வோர் இரவும் சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளப் பண்ணுவார்கள். பாலும் பழமும் வைத்து, ஊஞ்சலை ஒருதரம் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். விடிந்து திருப்பள்ளியெழுச்சி பாடும்வரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

கதவருகே தச்சன் உளியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். குருக்கள் வாசலை மறித்துக் கைகூப்பி நின்றார்.

"சாத்தப்பா! என்ன அக்கிரமம் இது?"

"ஆணைதான் பிரபு. மதிலுக்குள் இருக்கிறார்கள், புருஷனும் மனைவியும், துயில்கிறார்கள். இவர்களைவிட மூத்த தம்பதி இந்தக் கோட்டையில் எனக்குத் தெரிந்து இல்லை. விலக்குக் கேட்கலாம் என்றால் என் தலை போகும். தாங்களே கேட்கிறீர்களா?"

அரசன் கதவைப் பார்த்தான். எத்தனையோ முறை வந்த கோயில்தான்; ஆனால் சாத்தின கதவுக்கு முன்னால் அவன் நின்றதில்லை. பித்தளைக் குமிழ்கள் அகல் வெளிச்சத்தில் மின்னின. உள்ளேயிருந்து சந்தன வாசனை கசிந்தது. இந்தக் கதவுக்கு முன்னால் தன் படையும் கொடியும் எவ்வளவு சின்னவை என்று தோன்றியது.

"குருக்களே," என்றான் மெல்ல. "உள்ளே என்ன பேசிக்கொள்வார்கள்?"

"நானா? ஒட்டுக் கேட்டதில்லையே மகாராஜா."

"கேட்கத் தோன்றியதே இல்லையா?"

"தோணாம இருக்குமா? அதுக்குத்தான், சாத்தினதும் திரும்பிப் பார்க்காம நடந்துடறது."

அரசன் கண்ணை மூடிக்கொண்டான். பூங்கோதை நினைவு வந்தது. வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அவள் அவனிடம் சொன்ன வார்த்தைகள். அவளுடைய பட்டும் நகையும் பங்கு பிரிந்து எங்கெங்கோ போய்விட்டன. அந்த வார்த்தைகள் மட்டும் யாருக்கும் போகவில்லை. கதவு சாத்தியிருந்ததால்தான் அவை இன்னும் அவனுடையவையாக இருந்தன. அரசன் அப்படியே கல்தரையில் விழுந்து நமஸ்கரித்தான்.

எழுந்தபோது வாசல் பக்கம் ஒரே சத்தம். பிரதானி கசங்கின வேட்டியோடு மூச்சு வாங்க வந்தார். "மகாராஜா! எங்கள் வீட்டம்மாள் காதில் ஆணை விழுந்துவிட்டது. 'கதவு வேண்டாம் என்றவருக்கு வீடு எதற்கு, வாசலில் படுத்துக்கொள்ளும்' என்று என்னை வெளியே தள்ளித் தாழ் போட்டுவிட்டாள். இந்த ஏழைக்கு மட்டும் ஒரு விலக்கு…"

"ஐயையோ," என்றான் சாத்தப்பன். "தலையை யார் வாங்குவது? தச்சரே, உளி போதுமா?"

பிரதானி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அரசன் சிரித்தான். அரசி போன பிறகு அப்படி அவன் சிரித்து யாரும் கேட்டதில்லை. ஆணையை அங்கேயே ரத்து செய்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டான். "பிரதானியாரே, வீட்டம்மாளிடம் நானே தூது அனுப்புகிறேன். கதவைத் திறப்பது அவள் இஷ்டம்" என்றான்.

அரண்மனைக்குத் திரும்பியதும் காவலர்களை அனுப்பிவிட்டுத் தனியே மகன் அறைக்குப் போனான். உள்ளே பெட்டிகளை மூடும் சத்தம் கேட்டது. தள்ளுவதற்கு எழுந்த கையை மடக்கி, விரல் முட்டியால் மெல்லத் தட்டினான்.

"யாரது?" என்றாள் செங்கமலம்.

பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான்தானம்மா, மாமா. உள்ளே வரலாமா?"

பெட்டிச் சத்தம் நின்றது. குசுகுசுவென்று என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் குரல், "கொஞ்சம் இருங்கள் மாமா, இதோ வருகிறோம்."

நாட்டையே காக்கவைத்த அரசன், கதவுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் திறக்கிறவரைக்கும் சந்தோஷமாகக் காத்து நின்றான்.