வாயை மூடி ஓடியவன்

தொழில்முறைக் கபடி அணிக்குக் கல்லூரி வீரர்களைப் பொறுக்கத் திருநெல்வேலிக்கு வந்திருந்தார் ராஜசிம்மன். மூன்று நாளாக அத்தனை பேரையும் ஓடவிட்டு மிஷினால் வேகத்தை அளந்தார். மிஷின் சொன்ன முதல் பெயர் சுதாகர். பட்டியலில் கையெழுத்துப் போடப் போனவர், ஆடுகளத்து மேட் துடைக்கும் பெண் மாரிக்கனி சிரித்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன இளிப்பு? இவன்கிட்ட ஒரு குறை காட்டு பார்ப்போம். காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மாரிக்கனி ஈரத்துணியோடு எழுந்தாள்.

"குறை சொல்ல நான் யாருய்யா? அதே ஓட்டத்தைப் பாடிக்கிட்டே ஓடச் சொல்லுங்க, போதும்."

"கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு சுதாகர் அம்பாகப் பாய்ந்தான். நடுக்கோட்டைத் தாண்டி நாலாவது எட்டில் மூச்சு வாங்கியது, பாட்டு அறுந்தது. ஆட்டமாக இருந்தால் அவுட்.

ராஜசிம்மன் முகம் கறுத்தது. "மிஷினுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"காலையில மேட் துடைக்கும்போது தம்பி இங்க ஆடிப் பழகுவாருய்யா. தினமும் அந்த நாலாவது எட்டுலதான் பாட்டு நின்னுபோகும்." மாரிக்கனி துணியைப் பிழிந்தாள். "மிஷினுக்குக் காது இல்ல, சரி. நீங்களும் மூணு நாளா இங்கேதானே இருந்தீங்க?"